மிலானைச் சமன் செய்த இரவா, மோல்டேயை வென்ற இரவா? ஐரோப்பாவில் அயர்லாந்து கிளப்புகள்

டாலா_வாசி

2025 பிப்ரவரி 20 அன்று டப்ளினின் டாலா மைதானத்தில் இருந்தேன். அந்த இரவு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இந்த இழை.

ஒரு வாரம் முன்பு நார்வேயில் மோல்டேயை 1-0 என்று வென்று வந்திருந்தது எங்கள் ஷாம்ராக் ரோவர்ஸ். நம் மண்ணில் அதே 1-0 கணக்கில் தோற்றோம். கூடுதல் நேரம் முப்பது நிமிடமும் கோல் இல்லை. பெனால்டியில் 5-4 என்று போய்விட்டது. மோல்டே ஆட்கள் ஒரு மூலைக்கு ஓடிப்போய் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். எங்கள் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் எங்கோ ஒருவர் கைதட்ட, மொத்த மைதானமும் எழுந்துவிட்டது. பக்கத்து இருக்கைப் பெரியவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். பச்சை வெள்ளைத் துண்டை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "மில்டவுன் காலத்திலிருந்து பார்க்கிறேன். பிப்ரவரியில் நமக்கு ஐரோப்பிய ஆட்டம் இருக்கும் என்று கனவில்கூட நினைத்ததில்லை" என்றார். மில்டவுன் எங்கள் பழைய மைதானம்.

அவர் சொன்னதைத்தான் இங்கே கேள்வியாக வைக்கிறேன். ஐரோப்பியப் போட்டிகளில் ஓர் அயர்லாந்து கிளப் சாதித்ததில் எது பெரியது? என் பதில் அந்த 2024-25 சீசன். ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கில் ஆறு ஆட்டம், 11 புள்ளி, 36 அணிகளில் பத்தாவது இடம். அபோயலோடு 1-1. பெல்ஃபாஸ்ட் போய் லார்னை 4-1. நியூ செயின்ட்ஸை 2-1. வியன்னாவில் ரேப்பிடோடு 1-1. போராட்ஸை 3-0. செல்சியிடம் மட்டும் 5-1 என்று தோல்வி. அந்த ஆட்டத்தில்கூட மார்கஸ் பூம் 1-1 ஆக்கியபோது ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜின் ஒரு மூலையில் டப்ளின் குரல்கள் கேட்டன. குளிர்காலம் தாண்டியும் ஐரோப்பாவில் நின்ற அயர்லாந்து அணி அதற்கு முன் எது?

பழைய_கணக்கு

தம்பி, மார்ச் மாதம் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) காலிறுதி ஆடிய அணி இந்தத் தீவிலேயே உண்டு. 1966-67இல் பெல்ஃபாஸ்டின் லின்ஃபீல்ட். சோஃபியாவின் சிஎஸ்கேஏவோடு 2-2, அங்கே போய் 0-1. வடக்கு அயர்லாந்து வேறு லீக் என்று சொல்வீர்கள், சரிதான். ஆனால் "அயர்லாந்து கிளப்" என்று பேசினால் கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கிளென்டோரனையும் மறக்க முடியாது. 1967, பென்ஃபிகா, யூசேபியோ. ஓவல் மைதானத்தில் கிளென்டோரன் முன்னிலை பெற்றது, யூசேபியோ கடைசி நேரத்தில் சமன் செய்தார், 1-1. லிஸ்பனில் 0-0. இரண்டு ஆட்டத்திலும் தோற்காமல் வெளியூர் கோல் விதியால் (மொத்தக் கணக்கு சமமானால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி) வெளியே வந்தார்கள். அந்த விதியால் ஐரோப்பியக் கோப்பையை விட்டு வெளியேறிய முதல் அணிகளில் ஒன்று. அதே பென்ஃபிகா அந்த ஆண்டு வெம்ப்ளி வரை போய் இறுதி ஆட்டம் ஆடியது.

இனி தெற்கு. என் கணக்கில் முதல் இடம் அத்லோன் டவுனுக்கு. ஷானன் ஆற்றங்கரைச் சின்ன ஊர், 1975 அக்டோபர், செயின்ட் மெல்ஸ் பார்க், எதிரே ஏசி மிலான். இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பை வென்ற மிலான். அத்லோனுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஜான் மின்னக் அடித்தார், ஆல்பெர்டோசி பிடித்துவிட்டார். ஆட்டம் 0-0. சான் சீரோவில் 3-0 என்று தோற்றார்கள். ஐம்பது வருடம் ஆகிறது. அந்த பெனால்டியைப் பற்றிப் பேசாமல் அத்லோனில் கால்பந்துப் பேச்சு முடியாது.

ரோவர்ஸ்காரர் நீங்கள், 1966ஐ விட்டுவிட்டீர்களே? கோப்பை வென்றோர் கோப்பை, டப்ளினின் டேலிமவுண்ட்டில் பாயர்ன் மியூனிக்கோடு 1-1. மியூனிக்கில் 2-0 பின்தங்கி, 2-2 என்று எழுந்து வந்தார்கள். கடைசியில் கெர்ட் முல்லர் அடித்தார், 3-2. அந்தக் கோப்பையைப் பாயர்னே வென்றது. முல்லர் அந்தப் பந்தைத் தவறவிட்டிருந்தால் பாயர்னின் முதல் ஐரோப்பியப் பட்டத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓரியல்_பார்க்

டன்டாக்கில் பதினொரு வருடம் இருந்துவிட்டுப் பேசுகிறேன். என் பதில் 2016. வேறு பதில் என்னிடம் இல்லை.

முதலில் ஐஸ்லாந்தின் எஃப்எச். 1-1, 2-2, வெளியூர் கோல் கணக்கில் தப்பினோம். அடுத்து பாடே போரிசோவ். அதற்கு முந்தைய ஆண்டு சாம்பியன்ஸ் லீக்கில் ரோமாவை வீழ்த்திய அணி. பெலாரஸில் 1-0 என்று தோற்றுத் திரும்பினோம். மறு ஆட்டம் டாலாவில். டேவிட் மெக்மில்லன் இரண்டு, கடைசியில் ராபி பென்சன் ஒன்று. 3-0! லெகியா வார்சாவிடம் அவிவா மைதானத்தில் 0-2 என்று தோற்றபோது முப்பதாயிரம் பேர் இருந்தோம். டன்டாக்கின் மக்கள்தொகையே அப்போது நாற்பதாயிரத்துக்குக் கீழேதான். வார்சாவில் பென்சன் அடித்த வாலியைப் பார்க்காதவர்கள் உடனே தேடிப் பாருங்கள். 1-1. சாம்பியன்ஸ் லீக் கைநழுவியது, யூரோப்பா லீக் பிரிவுச் சுற்று கிடைத்தது.

அங்கே ஆல்க்மாரில் பத்துப் பேராகக் குறைந்த பிறகு 89வது நிமிடம் கியரன் கில்டஃப் தலையால் முட்டி 1-1. இரண்டு வாரம் கழித்து டாலாவில் மக்காபி டெல் அவிவை 1-0. அதுவும் கில்டஃப்தான். பிரிவுச் சுற்றில் ஓர் அயர்லாந்து கிளப் வென்ற முதல் ஆட்டம் அது. ஜெனித்திடம் தோற்ற இரண்டு ஆட்டமும் ஒரு கோல் வித்தியாசம்தான்.

எதிரணிகளைப் பாருங்கள் டாலா_வாசி. ஜெனித், ஆல்க்மார், மக்காபி. யூரோப்பா லீக். நீங்கள் வென்றது லார்ன், நியூ செயின்ட்ஸ், போராட்ஸ். உங்கள் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே தட்டில் வராது.

டாலா_வாசி

சரி, எதிரணியின் எடையை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது உண்மை. நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். அத்லோன் மிலானைச் சமன் செய்தது, லிமெரிக் 1980இல் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டு ஆட்டத்திலும் கோல் அடித்தது, கார்க் சிட்டி 1991இல் பாயர்னோடு 1-1. எல்லாமே ஒரே வடிவம். பெரிய அணி வரும், நாம் ஓர் இரவு தாக்குப்பிடிப்போம், அங்கே போய்த் தோற்போம், அப்புறம் ஐம்பது வருடம் அதைப் பேசுவோம்.

2024இல் நடந்தது அப்படியல்ல. வெல்ல வேண்டிய ஆட்டங்களை வென்றார்கள். லார்னிடம் போகும்போது ரோவர்ஸ்தான் வெல்ல வேண்டிய அணி. அந்த எதிர்பார்ப்பைச் சுமந்துகொண்டு வெல்வது மிலானோடு தாக்குப்பிடிப்பதைவிடக் கடினம் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். தோற்றாலும் கைதட்டுவார்கள் என்ற ஆறுதல் அங்கே கிடையாது.

நடுக்களம்

இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன், அருமை. நான் டப்ளின் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அடிப்படைக் கேள்வி ஒன்று. இத்தனை வருடம் முதல் சுற்றிலேயே வெளியேறியவர்கள் திடீரென்று எப்படி இவ்வளவு தூரம் போகிறார்கள்? வீரர்கள் மாறிவிட்டார்களா, விதி மாறிவிட்டதா?

பழைய_கணக்கு

இரண்டும் என்று சொல்வேன்.

பழைய முறையில் குலுக்கலில் யார் வேண்டுமானாலும் வரலாம். 1957இல் தெற்கிலிருந்து ஐரோப்பியக் கோப்பையில் நுழைந்த முதல் அணி ரோவர்ஸ். முதல் எதிரியே மான்செஸ்டர் யுனைடெட். டேலிமவுண்ட்டில் 6-0, ஓல்ட் டிராஃபோர்டில் 3-2. டப்ளின் பையன் லியம் வீலன் சொந்த ஊரில் யுனைடெட்டுக்காக இரண்டு கோல் அடித்தான். ஐந்து மாதத்தில் மியூனிக் விமான விபத்தில் போய்விட்டான், வயது 22. இங்கே பழைய ஆட்கள் அந்த ஆட்டத்தைச் சொல்லும்போது தோல்வியைப் பற்றிப் பேச மாட்டார்கள், வீலனைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இப்போதைய விதிக்கு வருவோம். சிறு நாட்டுச் சாம்பியன்களுக்குத் தனிப் பாதை உண்டு. சாம்பியன்ஸ் லீக்கின் இரண்டாம் தகுதிச் சுற்றில் தோற்றால் யூரோப்பா லீக் தகுதிச் சுற்று, அங்கேயும் தோற்றால் கான்ஃபரன்ஸ் லீக். வழி நெடுக எதிரே வருவது பெரும்பாலும் இன்னொரு சிறு நாட்டுச் சாம்பியன்தான். லீக்கில் இரண்டாம், மூன்றாம் இடம் வந்த அணிக்கு இந்தச் சலுகை இல்லை, ஒருமுறை தோற்றால் வீட்டுக்கு வர வேண்டியதுதான். 2021இல் கான்ஃபரன்ஸ் லீக் வந்தபின் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

இன்னொரு காரணம் நாள்காட்டி. 2003 முதல் அயர்லாந்து லீக் கோடையில் நடக்கிறது. ஜூலையில் தகுதிச் சுற்று வரும்போது நம் ஆட்கள் பாதி சீசன் ஆடிக் கால் பழகி இருப்பார்கள், எதிரே வரும் பல அணிகள் விடுமுறை முடிந்து அப்போதுதான் ஓடத் தொடங்கியிருப்பார்கள். மாற்றம் வந்த அடுத்த ஆண்டே ஷெல்போர்ன் என்ன செய்தது தெரியுமா? ஹைடுக் ஸ்பிளிட்டிடம் 3-2 என்று தோற்றுவிட்டு டோல்கா பார்க்கில் 2-0 என்று திருப்பியது. டேவ் ராஜர்ஸ் தூரத்திலிருந்து அடித்த அந்த கோல்! அடுத்தது டெபோர்டிவோ, சில மாதம் முன்பு மிலானை 4-0 என்று நொறுக்கியவர்கள். லான்ஸ்டவுன் ரோடில் 0-0. ஸ்பெயினிலும் இடைவேளை வரை 0-0. அப்புறம்தான் 3-0.

டாலா_வாசி

நாள்காட்டி மறுபக்கமும் வெட்டும். டிசம்பர் 19 அன்று செல்சியோடு ஆடிய பிறகு பிப்ரவரி 13 வரை ரோவர்ஸுக்குப் போட்டி ஆட்டமே கிடையாது. எட்டு வாரம். நேராக மோல்டே மைதானத்தில் இறங்கினார்கள். அங்கே கோல் அடித்த மைக்கேல் நூனனுக்கு வயது 16. ரோவர்ஸ் சட்டையில் அவனுக்கு அதுதான் முதல் ஆட்டம்.

வீரர்கள் மாறிவிட்டார்களா என்று நடுக்களம் கேட்டதற்கு அதுவும் ஒரு பதில். முன்பெல்லாம் இப்படி ஒரு பையன் 16 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிடுவான். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 18 வயது ஆகாதவனை இங்கிலாந்து கிளப் இங்கிருந்து எடுக்க முடியாது. பையன்கள் இங்கேயே ஆடுகிறார்கள், நாமும் பார்க்கிறோம்.

பிராண்டிவெல்_கடைக்காரர்

வணக்கம். நான் டெர்ரியில் இருக்கிறேன், பூர்வீகம் வல்வெட்டித்துறை. எங்கள் ஊரில் உதைபந்தாட்டம் என்றுதான் சொல்லுவோம், பழக்கத்தை மாற்ற விரும்பவில்லை.

பழைய_கணக்கு அண்ணை வடக்கையும் தெற்கையும் தனித்தனியாகச் சொன்னார். டெர்ரி சிட்டியை எந்தப் பக்கம் போடுவார்? ஊர் வடக்கில், ஆடுவது தெற்கின் லீக்கில். 1965இல் வடக்கு லீக் சாம்பியனாக ஐரோப்பியக் கோப்பைக்குப் போனார்கள். ஒஸ்லோவின் லீன் கழகத்திடம் 5-3 என்று தோற்று, சொந்த மைதானமான பிராண்டிவெல்லில் 5-1 என்று வென்றார்கள். வடக்கு லீக்கில் இருந்து ஐரோப்பாவில் ஒரு சுற்றைத் தாண்டிய முதல் கழகம். அடுத்தது ஆண்டர்லெக்ட், அங்கே 9-0. மறு ஆட்டம் நடக்கவே இல்லை. பிராண்டிவெல் மைதானம் தரமில்லை என்று வடக்குக் கால்பந்துச் சங்கம் முடிவு சொன்னது, வேறு இடத்தில் ஆட டெர்ரி மறுத்தது. 1972இல் கலவரக் காலத்தில் அந்த லீக்கை விட்டே வெளியேறினார்கள். பதின்மூன்று வருடம் மூத்த லீக் ஆட்டம் இல்லாத ஊராகக் கிடந்தது. 1985இல்தான் தெற்கு லீக் சேர்த்துக்கொண்டது. நான்கே வருடத்தில் உள்நாட்டின் மூன்று கோப்பையும் வென்று, அதே பிராண்டிவெல்லுக்கு பென்ஃபிகாவைக் கூட்டி வந்தார்கள்.

இடம் பெயர்ந்த ஆட்களுக்குச் சொந்த மைதானம் என்றால் என்னவென்று விளங்கும். அதனால்தான் இந்தக் கழகம் எனக்குப் பிடித்துப் போனது.

நான் கண்ணால் பார்த்தது 2006. கோத்தன்பர்க்கை இரண்டு ஆட்டத்திலும் 1-0. கிரெட்னாவை ஸ்கொட்லாந்தில் வைத்து 5-1. பிறகு பாரிஸ் சென் ஜெர்மன், பிராண்டிவெல்லில் 0-0. ஆட்டம் முடிந்து கடை திறக்க வந்தபோது தெருவில் நடந்த சனத்தை இன்னும் மறக்கவில்லை. ஒருவரும் வீட்டுக்குப் போகிற எண்ணத்தில் இல்லை. பாரிஸில் 2-0 என்று தோற்றது. என் ஓட்டு அந்த வருடத்துக்கு.

ஓரியல்_பார்க்

அந்த டெர்ரி அணிக்கு மேனேஜர் ஸ்டீபன் கென்னி. பத்து வருடம் கழித்து டன்டாக்கை ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போனதும் அவர்தான். அவருக்கே இரண்டு ஓட்டு விழுந்துவிட்டது.

சிவப்பு_கறுப்பு

நான் போஸ் (போஹீமியன்ஸ்) ஆள், டேலிமவுண்ட் ரசிகன். யாரும் தொடாத ஒரு விஷயத்தைக் கேட்கிறேன். ரோவர்ஸ் ஐரோப்பாவில் வென்றால் நான் மகிழ வேண்டுமா?

கணக்குப்படி வேண்டும். ஒரு நாட்டின் கிளப்புகள் சேர்க்கும் புள்ளியையெல்லாம் கூட்டி, ஆடிய அணிகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஐந்து வருடக் கூட்டலை வைத்துத்தான் அந்த நாட்டு அணிகள் எந்தச் சுற்றில் தொடங்கும் என்று முடிவாகிறது. ரோவர்ஸ் வியன்னாவில் எடுத்த சமன் அடுத்த வருடம் எங்களுக்கும் உதவும். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஆனால் பணத்தை யாரும் பேசவில்லை. கான்ஃபரன்ஸ் லீக் ஆறு ஆட்டத்துக்குள் நுழைந்தாலே மூன்று மில்லியன் யூரோவுக்கு மேல் கிடைக்கிறது. உள்ளூர் லீக்கை வென்றால் வரும் தொகையை அதன் பக்கத்தில்கூட வைக்க முடியாது. ஒரு கிளப் ஒருமுறை உள்ளே போனால் அந்தப் பணத்தில் நல்ல வீரர்களை வாங்கும், மறுபடி சாம்பியன் ஆகும், மறுபடி சாம்பியன் பாதையில் போகும். நாங்கள் 2021இல் அவிவாவில் பாவோக்கை 2-1 என்று வென்றோம். அதற்கு முன் ஸ்டியார்னான், டுடெலாஞ்ச் இரண்டையும் நாங்கள் தாண்டி வந்திருந்தோம். கிரேக்கத்தில் 2-0, அதோடு முடிந்தது. சாம்பியன் பாதை எங்களுக்கு இல்லை. அதையும் இன்னும் ஒரு சுற்றையும் தாண்டியிருந்தால் பிரிவுச் சுற்று. அந்த இரண்டு சுற்றில்தான் ஒரு கிளப்பின் பத்து வருடம் இருக்கிறது.

பழைய_கணக்கு

பணம் வந்தவர்கள் எல்லாரும் தழைத்தார்களா? ஷெல்போர்ன் 2006இல் லீக்கை வென்றது, 2007 சீசனை இரண்டாம் பிரிவில் தொடங்கியது. கஜானா காலி. மீண்டும் சாம்பியன் ஆக 2024 வரை, டேமியன் டஃப் மேனேஜராக வரும் வரை காத்திருந்தார்கள். 2025இல் லின்ஃபீல்டை ஒரே கோடையில் இரண்டு முறை வெளியேற்றி கான்ஃபரன்ஸ் லீக்கில் நுழைந்தார்கள். அதே ஆண்டு ரோவர்ஸும் நுழைந்தது. ஒரே சீசனில் இரண்டு அயர்லாந்து லீக் அணிகள் அங்கே இருந்தது அதுதான் முதல் முறை. ஆக, சிவப்பு_கறுப்பு, கதவு ஒருவருக்கு மட்டும் திறக்கவில்லை.

ஓரியல்_பார்க்

பணம் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன், எனக்கு இது எளிதான விஷயம் இல்லை.

2020இல் டன்டாக் மறுபடி யூரோப்பா லீக் பிரிவுச் சுற்றுக்குப் போனது. ஆர்சனல், மோல்டே, ரேப்பிட் வியன்னா. கொரோனா காலம், மைதானத்தில் ஒருவர்கூட இல்லை. ஆர்சனல் டப்ளினுக்கே வந்து ஆடியதை வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து பார்த்தேன். ஆறும் தோல்வி. இரண்டு முறை அந்தப் பணம் வந்த கிளப், 2024இல் பிரீமியர் பிரிவிலிருந்தே இறங்கியது. கிளப்பை இழுத்து மூடிவிடுவார்களோ என்ற பயத்தில் அந்த செப்டம்பரில் ஊரே தூங்கவில்லை. மக்காபியை வென்று எட்டே வருடம். அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவை வென்று திரும்ப ஏறிவிட்டோம். ஆனால் அந்த மில்லியன்களில் நம் ஊர் மைதானத்துக்கு என்ன வந்தது? 2016இன் பெரிய ஐரோப்பிய இரவுகளை டாலாவிலும் அவிவாவிலும்தான் ஆட வேண்டியிருந்தது, ஓரியல் பார்க் அந்தத் தரத்தில் இல்லை. இன்று போய்ப் பாருங்கள், அதே ஓரியல் பார்க்தான். 1979இல் செல்டிக்கை அங்கே 0-0 என்று நிறுத்தினோம். முதல் ஆட்டம் 3-2 என்பதால் ஒரே ஒரு கோல் அடித்திருந்தால் வெளியூர் கோல் கணக்கில் காலிறுதி, எதிரே ரியல் மாட்ரிட். அந்த இரவு ஊர்க்காரர்கள் சொந்த மண்ணில் நின்று பார்த்தார்கள். 2016இல் நாங்கள் பேருந்து பிடித்துப் போய் அடுத்தவர் மைதானத்தில் பார்த்தோம்.

எனக்கு அதில் வருத்தம் உண்டு. பணம் வீரர் சம்பளமாகக் கரைந்துவிடும், செங்கல் நிற்கும்.

டாலா_வாசி

இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். ரோவர்ஸ் 1987இல் மில்டவுன் மைதானத்தை இழந்தது, விற்றுவிட்டார்கள். 22 வருடம் வீடில்லாத அணி. 2005இல் கடனில் மூழ்கியபோது ரசிகர்கள் சேர்ந்துதான் கிளப்பைக் கையில் எடுத்தார்கள். 2009இல் டாலா வந்தது, 2011இல் பெல்கிரேடில் பார்ட்டிசானை வென்றோம். இங்கே 1-1, அங்கே பாட் சல்லிவன் தூக்கி அடித்த வாலி, கூடுதல் நேரத்தில் ஸ்டீபன் ஓ'டானல் பெனால்டி. பிரிவுச் சுற்றில் நுழைந்த முதல் அயர்லாந்து கிளப். டாட்டன்ஹாமில் எங்கள் ஸ்டீபன் ரைஸ் முதல் கோல் அடித்ததும் உண்டு, ஆறு ஆட்டமும் தோற்றதும் உண்டு. மைதானம் வந்து இரண்டே வருடத்தில் பெல்கிரேட். இதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஓரியல்_பார்க், அந்த ஓ'டானல்தான் 2016இல் உங்கள் கேப்டன்.

ஓரியல்_பார்க்

தெரியும். பெல்கிரேட் பெனால்டியை அன்று பார்த்தபோதே இந்த ஆள் எங்களுக்கு வர வேண்டும் என்று சொன்னவர்கள் டன்டாக்கில் உண்டு.

நடுக்களம்

இவ்வளவு படித்துவிட்டு வீட்டில் உட்கார முடியாது. ஜூலை தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது கடினமா? டாலாவுக்கு எப்படிப் போவது?

டாலா_வாசி

லூவாஸ் டிராமின் சிவப்புத் தடத்தில் டாலா போகும் வண்டியில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்குங்கள், நடை தூரம்தான். சீக்கிரம் வாருங்கள், மைதானத்துக்கு வெளியே சிப்ஸ் வண்டி வரிசை நீளும். கிழக்கு ஸ்டாண்டில் உட்கார்ந்தால் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் வெயில் கண்ணில் அடிக்கும், தொப்பி எடுத்து வாருங்கள். டிக்கெட் அறிவிப்பு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

சிவப்பு_கறுப்பு

நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். மோல்டே பெனால்டிகளைப் பார்க்கவே கூடாது என்று இருந்தேன். நான்கு நாள் முன்புதான் அவிவாவில் 33 ஆயிரம் பேருக்கு மேல் பார்க்க ரோவர்ஸை 1-0 என்று வென்றிருந்தோம், அந்த மகிழ்ச்சியே போதும் என்று நினைத்தேன். வேலை முடிந்து பேருந்தில் வரும்போது முன் இருக்கைப் பெண் கைபேசியில் ஆட்டம் ஓடியது. என் நிறுத்தம் வந்தது, இறங்கவில்லை. கடைசி பெனால்டி வரை பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். அந்தப் பதினாறு வயதுப் பையனை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது.

பிராண்டிவெல்_கடைக்காரர்

அவன் வயசுக்கு இன்னும் பத்து ஐரோப்பிய வருடம் இருக்கு, தம்பி. ஜூலையில் டெர்ரிக்கு ஆட்டம் விழுந்தால் எல்லாரும் இங்கே வாருங்கோ. கடையில் தேத்தண்ணி என் கணக்கு.